மலைமேல் கிடக்கும் கடல்தரை: மறைந்த கடலைப் பாறையில் வாசிக்கும் முறை

இன்றைய பெருங்கடல்களின் தரையில் பெரும்பகுதி 18 கோடி ஆண்டுக்கு உட்பட்டது. அதற்கு முந்தைய தரையில் பெரும்பாலானது வேறு தட்டுகளுக்கு (பூமியின் மேற்பகுதி பிரிந்திருக்கும் பெருந்துண்டுகளுக்கு) அடியில் அமிழ்ந்து போயிற்று. அமிழாமல் தப்பி, மலையோடு மலையாக ஏறிக் கிடக்கும் துண்டுகளுக்கு ஓபியோலைட் என்று பெயர். பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பச்சைப் பசேலென்று வழவழக்கும் செர்பென்டினைட் பாறையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும். உலகில் மிக நன்றாகத் திறந்து கிடக்கும் துண்டு ஓமானின் ஹஜர் மலையில் உள்ள செமாயில் ஓபியோலைட். சுமார் 500 கிலோமீட்டர் நீளம், மண்ணும் மரமும் மறைக்காத வெறும் பாறை. கீழே சொல்லும் முறைக்கு அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒன்று. மலையாக நிற்கும் அந்தப் பெரும் பாறைத்தொகுதி மறைந்த கடலின் வரலாறு முழுவதையும் சொல்லாது. பெரும்பாலான ஓபியோலைட்கள் கடல் மூடத் தொடங்கிய பிறகு, அமிழும் தட்டுக்கு மேற்பக்கத்தில் பிறந்த இளந்தரை. கடலின் பழைய கதை இருக்கும் இடம் வேறு: தொகுதியின் அடியில் ஒட்டிக்கொண்ட சில நூறு மீட்டர் உருமாறிய பாறையும், அதற்கும் கீழே மடிந்து கிடக்கும் ஆழ்கடல் படிவுகளும். களத்துக்குப் போகிறவர்கள் அழகான தலையணை லாவாவில் இரண்டு நாளைக் கழித்துவிட்டு அடிப்பகுதிக்கு அரை நாள் ஒதுக்குகிறார்கள். இந்தக் கணக்கை மாற்றுங்கள். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது அடிப்பகுதிக்கு வேண்டும்.

எடுத்துப்போக வேண்டியவை

1:1,00,000 நிலவியல் வரைபடம், ஜிபிஎஸ், கிளைனோமீட்டர் உள்ள காம்பஸ், 10 மடங்கு கைலென்ஸ், 1 கிலோ சுத்தியல், காப்ரோ என்னும் கடினப் பாறையை உடைக்க 3 கிலோ சம்மட்டி, ஒரு காந்தம், துளிக்குப்பியில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம், துணிப்பைகள், அழியாத மை. ஓமானுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்ல பருவம். வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகள் வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். மலைமேல் மேகம் கறுத்தால், தலைக்கு மேல் வெயில் அடித்தாலும், படுகையை விட்டு ஏறிவிட வேண்டும். மாதிரி எடுக்கவும் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவும் அனுமதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

காம்பஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. செர்பென்டினைட்டில் மேக்னடைட் என்னும் காந்தக் கனிமம் நிறைய இருக்கும். முள் 10, 20 பாகை கூட விலகும். பாறைமேல் காம்பஸை வைத்து அளக்காதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று குறிபார்த்து அளந்து, தூரத்து மலைமுகடு ஒன்றை வரைபடத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். ஒத்துவராவிட்டால் சூரியனின் நிழலை வைத்துத்தான் திசை பார்க்க வேண்டும்.

மேலிருந்து கீழே: அடுக்கு வரிசை

1972இல் நடந்த பென்ரோஸ் மாநாடு முழுமையான ஓபியோலைட்டுக்கு ஒரு வரிசை வகுத்தது. மேலே தலையணை லாவா, அடுத்து சுவர் சுவராக நெருங்கி நிற்கும் டைக்குகள் (பிளவில் ஏறி உறைந்த மாக்மா), அதன்கீழ் காப்ரோ (ஆழத்தில் மெல்ல உறைந்த பருமணிப் பாறை), அடியில் பாடநூல்கள் கவசம் என்று சொல்லும் மேன்டில் பாறை. லாவாவுக்கு மேலே செர்ட் (கெட்டியான சிலிக்காப் பாறை) போன்ற ஆழ்கடல் படிவு.

கடலடியில் கொப்பளித்த லாவா தண்ணீர் பட்டதும் தோல் இறுகி, அரிசி மூட்டைகளை அடுக்கியதுபோலக் குவியும். 30 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை குறுக்களவு. மேல்பக்கம் உருண்டிருக்கும், அடிப்பக்கம் கீழுள்ள இரண்டு மூட்டைகளின் இடுக்கில் வாலாகக் கூர்ந்து இறங்கும். அந்த வால் காட்டும் திசைதான் அன்றைய கீழ்த்திசை. வால் வானத்தைப் பார்த்தால் அடுக்கு தலைகீழாகக் கவிழ்ந்திருக்கிறது. ஒரே மூட்டையை நம்பி முடிவெடுக்காமல் குறைந்தது இருபது மூட்டைகளைப் பார்த்து எண்ணுங்கள். வாடி அல் ஜிஸ்ஸியில் உள்ள புகழ்பெற்ற தலையணை லாவாப் பாறைமுகம் இதைப் பழகச் சிறந்த இடம். அதன்மேல் சுத்தியலை வைக்க வேண்டாம், கண்ணே போதும்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, வெங்காயத் தோல்போல உரிந்து சிதைந்த டோலரைட்டை (டைக்குகளின் பாறையை) தலையணை லாவா என்று எழுதிவிடுவது. உண்மையான தலையணையில் விளிம்பு ஓரிரு சென்டிமீட்டருக்குக் கண்ணாடிபோல் நுண்ணியதாக இருக்கும். வெடிப்புகள் நடுவிலிருந்து ஆரக்கால்போலப் பரவும். இடுக்குகளில் சிவப்புச் செர்ட்டோ நொறுங்கிய கண்ணாடித்தூளோ அடைந்திருக்கும். சிதைவில் வரும் உருண்டைகளில் வெடிப்பு வட்ட வட்டமாகவே ஓடும்.

டைக் பகுதியில் செய்ய வேண்டியது பொறுமையான எண்ணிக்கை. கடல்தரை விரியும்போது நடுவில் பிளந்து மாக்மா ஏறி உறையும்; அடுத்த பிளவு பெரும்பாலும் அந்த டைக்கின் நடுவிலேயே விழும். அதனால் ஒரு பக்கம் மட்டும் நுண்மணி விளிம்பு கொண்ட அரை டைக்குகள் கிடைக்கும். டைக்குகளுக்குக் குறுக்காக நடந்து, ஒவ்வொரு எல்லையிலும் லென்ஸ் வைத்து, கறுத்து நுணுகிய அந்த ஓரிரு சென்டிமீட்டர் விளிம்பு எந்தப் பக்கம் என்று குறியுங்கள். நூறு டைக்காவது வேண்டும். அன்றைய முகடு (கடல்தரை பிளந்து விரியும் கடலடி மலைத்தொடர்) எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கு இது ஒரு குறிப்பு. ஆனால் இரு பக்க எண்ணிக்கையின் வேறுபாடு சிறியதாகவே வரும், முப்பது நாற்பதை எண்ணிவிட்டுத் திசை சொல்வது ஊகமாகிவிடும். டைக்குகள் ஓடும் திசை, முகடு ஓடிய திசை. அதற்குமுன் மேலுள்ள லாவாவையும் படிவையும் கணக்கில் கிடைமட்டமாக்கித் திருத்த வேண்டும். திருத்திய பிறகும் டைக் 50 பாகையில் சாய்ந்தே நின்றால் கணக்கு தவறென்று அழித்துவிடாதீர்கள். விரிவின்போதே பிளவுகளில் சரிந்த தரையாக அது இருக்கலாம்.

அந்தத் திசைகூட இன்றைய திசைதான். சைப்ரஸின் ட்ரூடோஸ் ஓபியோலைட்டில் டைக்குகள் இன்று வடக்கு தெற்காக ஓடுகின்றன. ஆனால் அந்தத் துண்டு முழுவதும் இடஞ்சுழியாக ஏறத்தாழ 90 பாகை திரும்பியிருக்கிறது. பாறை உறைந்தபோது அதில் பதிந்த காந்தத் திசையை அளக்கும் தொல்காந்த அளவீடு இல்லாமல் இது தெரிய வழியே இல்லை. இடத்துக்கு எட்டுப் பத்தாக, 2.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள துளைமாதிரிகளைத் திசை குறித்து எடுத்து, ஆய்வகத்தில் படிப்படியாக 580 பாகை செல்சியஸ் வரை சூடாக்கிப் பிற்காலக் காந்தத்தைக் களைய வேண்டும். மிஞ்சும் காந்தச் சாய்வு அன்றைய அட்சரேகையைத் தரும்: சாய்வின் டேன்ஜென்ட்டில் பாதியே அட்சரேகையின் டேன்ஜென்ட். சாய்வு 20 பாகை என்றால் அட்சரேகை சுமார் 10 பாகை. வடக்கா தெற்கா என்பதை இது தனித்துச் சொல்லாது.

காப்ரோவில் கவனிக்க வேண்டியது கனிமங்கள் உறைந்த வரிசை. சாதாரண நடுக்கடல் முகட்டில் முதலில் பச்சை ஒலிவின், பிறகு வெள்ளைப் பிளேஜியோகிளேஸ், அதன்பின் கருத்த கிளைனோபைராக்சீன். மாக்மாவில் தண்ணீர் அதிகமானால் பிளேஜியோகிளேஸ் பின்தங்கும், பைராக்சீன் முந்திக்கொள்ளும். அப்போது வெள்ளைக் கனிமமே இல்லாத, கருத்த வெர்லைட் பாறை உருவாகும். ஓமானில் அடுக்குக் காப்ரோவைத் துளைத்துக்கொண்டு வெர்லைட் ஏறியிருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தண்ணீர் வந்த வழி அமிழும் தட்டு. வேதியியல் முடிவு வருமுன்னே களத்தில் கிடைக்கும் முதல் சாட்சி இது.

கீழே இறங்க இறங்கக் காப்ரோ தீர்ந்து டூனைட்டும் (ஏறத்தாழ முழுக்க ஒலிவின்), பிறகு துருப்பிடித்த நிறத்தில் ஹார்ஸ்பர்கைட் என்னும் மேன்டில் பாறையும் வரும். மேலோடும் மேன்டிலும் சந்திக்கும் மோஹோ எல்லையில் நிற்கிறீர்கள். கடலில் இந்த எல்லையைத் தொட ஏறத்தாழ ஆறேழு கிலோமீட்டர் மேலோட்டைத் துளைக்க வேண்டும். இதுவரை யாரும் துளைத்ததில்லை. ஓமானில் கையால் தொடலாம்.

ஓர் அடுக்கு காணவில்லை என்றால் உடனே பிளவில் தொலைந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மெதுவாக விரியும் கடலில் மாக்மா போதாமல் மேன்டில் பாறையே கடலடியில் தலைகாட்டும். ஆல்ப்ஸ் மலையின் ஷெனாயே ஓபியோலைட்டில் செர்பென்டினைட் (தண்ணீர் ஊறி மாறிய மேன்டில் பாறை) மேலேயே லாவா உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் செர்பென்டினைட் உடைசல்களைக் கால்சைட் பிணைத்த பாறை கிடந்தால், அந்த இடைவெளி கடலடியிலேயே இருந்தது. மலை எழும்பியபோது வந்ததில்லை. டைக்கும் காப்ரோவும் கிலோமீட்டர் கணக்கில் தடித்திருப்பது வேகமாக விரிந்த தரையின் அடையாளம். ஓமான் இந்த வகை.

அடிப்பட்டை: நேரம் செலவிட வேண்டிய இடம்

ஹார்ஸ்பர்கைட்டின் அடியில், ஓபியோலைட் நழுவி வந்த தளத்தை ஒட்டி, ஒரு மெல்லிய உருமாறிய பட்டை இருக்கும். மேல்விளிம்பில் சிவந்த கார்னெட் மணிகள் பதிந்த கருமையான ஆம்பிபோலைட் பாறை. கீழே போகப் போக வெப்பம் குறைந்து பச்சை ஷிஸ்ட்டும் குவார்ட்சைட்டும். பூமியில் ஆழம் கூடினால் வெப்பம் கூட வேண்டும், இங்கே தலைகீழ். சூடான மேன்டில் மேலிருந்து இஸ்திரிப் பெட்டிபோல அழுத்தியதால் வந்த வரிசை இது. அப்படிச் சுடப்பட்டது, அமிழ்ந்துகொண்டிருந்த பழைய கடல்தரை. மலை முழுவதிலும் உண்மையான பழைய கடலின் பசால்ட்டும் படிவும் எஞ்சியிருப்பது இந்தப் பட்டையிலும் அதன் கீழுள்ள மடிப்புகளிலும்தான்.

தொடர்புத்தளத்திலிருந்து கீழ்நோக்கி ஐந்து மீட்டருக்கு ஒரு மாதிரி என்று எடுங்கள். தளத்திலிருந்து எத்தனை மீட்டர் கீழே என்பதை ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். கார்னெட் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் 3 முதல் 5 கிலோ. பொதுவாகச் செய்யும் பிழை, கார்னெட்டையும் சிர்க்கானையும் (யுரேனியம் கலந்திருப்பதால் வயது தரும் சிறு கனிம மணி) ஒரே வயதுக்குப் பயன்படுத்துவது. கார்னெட் பாறை அழுந்திச் சூடேறும்போதே வளரத் தொடங்கும். சிர்க்கான் பெரும்பாலும் உச்ச வெப்பத்தில் உருகிய திட்டுகளில் உறையும். ஓமானில் கார்னெட்டின் லுட்டீசியம்-ஹாஃப்னியம் வயது (லுட்டீசியம் கதிரியக்கத்தால் ஹாஃப்னியமாக மாறுவதை வைத்துக் கணிப்பது) சுமார் 10.4 கோடி ஆண்டு. மேலே உள்ள ஓபியோலைட் மேலோட்டின் சிர்க்கான் வயது சுமார் 9.6 கோடி ஆண்டு. அதாவது மேலே தரை பிறப்பதற்கு ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டு முன்பே கீழே அமிழ்தல் தொடங்கிவிட்டது. இந்த ஒரு ஒப்பீட்டுக்காகவே இத்தனை உழைப்பும்.

ஆய்வகத்தில்

பசால்ட்டுக்கு 1 முதல் 2 கிலோ. சிதைந்த தோலையும், எபிடோட், குவார்ட்ஸ் நரம்புகளையும் வெட்டி எறிந்த பிறகு மிஞ்சும் எடை இது. கடல்நீர் பட்டு ஊறிய பாறையில் பொட்டாசியம், சோடியம், ருபீடியம், பேரியம் எல்லாம் இடம்பெயர்ந்திருக்கும். அவற்றை வைத்துப் பாறைக்குப் பெயர் வைக்காதீர்கள். நகராத டைட்டானியம், வனேடியம், சிர்க்கோனியம், இட்ரியம், நையோபியம், தோரியம் இவற்றையே நம்புங்கள். அரைக்க டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் கூடாது; அது டாண்டலம், கோபால்ட், சில வேளை நையோபியத்தையும் மாதிரியில் கலந்துவிடும். அகேட் கிண்ணம் மெதுவாக அரைக்கும், ஆனால் சுத்தம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாவாவில் டைட்டானியம் ஆக்சைடு 1.4 சதவீதம், வனேடியம் 300 பிபிஎம் (பத்து லட்சத்தில் 300 பங்கு). ஆக்சைடை 0.6ஆல் பெருக்கினால் டைட்டானியம் 8,400 பிபிஎம். வனேடியத்தால் வகுத்தால் 28. இருபதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் வந்தால் நடுக்கடல் முகட்டின் சாயல். இன்னொரு லாவாவில் ஆக்சைடு 0.4 சதவீதம், வனேடியம் 240 என்றால் விகிதம் 10; இது அமிழ்வு மண்டலத்துக்கே உரிய எண். ஓமானில் முதல் வகை அடியிலும், போனினைட் (தண்ணீர் கலந்து உருகிய, டைட்டானியம் குறைந்த லாவா) சாயல்கொண்ட இரண்டாவது வகை அதன்மேலும் கிடைக்கிறது. அமைப்பு முகடு என்கிறது, வேதியியல் வளைவுத்தீவு (அமிழும் தட்டுக்கு மேலே வில்போல எழும் எரிமலைத் தீவுகள்) என்கிறது என்று பல்லாண்டு சண்டை நடந்தது. 1973இலேயே ஜப்பானிய நிலவியலாளர் மியாஷிரோ ட்ரூடோஸை வளைவுத்தீவுப் பாறை என்று எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தார். ஜப்பானுக்குத் தெற்கே இசு-போனின் அகழிக்கு அருகே 2014இல் துளைத்தபோது இதே பசால்ட்டும் போனினைட்டும் கிடைத்தன. அமிழ்தல் தொடங்கும் வேளையில் மேல்தட்டு பிளந்து விரிந்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

மேன்டில் பாறைக்கு, குரோமியமும் அலுமினியமும் கொண்ட ஸ்பினல் கனிமம் போதும். மெருகேற்றிய மெல்லிய சீவலில், ஒரு மாதிரிக்கு 20, 30 மணிகளின் நடுப்பகுதியை மைக்ரோபுரோப் என்னும் நுண்பகுப்புக் கருவியில் அளவிடுங்கள். கறுத்த விளிம்பு பிற்காலச் சிதைவு. அதைத் தொட வேண்டாம். குரோமியத்தை, குரோமியமும் அலுமினியமும் சேர்ந்த அணு எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் 0.6க்குள் இருந்தால் நடுக்கடல் முகட்டிலும் கிடைக்கக்கூடியது, 0.6ஐத் தாண்டினால் அமிழ்வு மண்டலத்தில் மிகையாக உருகிய மேன்டில். ஹார்ஸ்பர்கைட்டையும் டூனைட்டையும் கலந்து சராசரி போட்டால் முடிவு கெட்டுவிடும். டூனைட் பெரும்பாலும் மாக்மா பாய்ந்த வாய்க்கால். அதன் எண் இயல்பாகவே உயரும்.

வயதுக்குத் தேடவேண்டியது காப்ரோவின் மேல்பகுதியில் வெள்ளை நரம்பாக ஓடும், சிர்க்கான் கிடைக்கும் பிளேஜியோகிரானைட் பாறை. 5 முதல் 10 கிலோ எடுங்கள். நொறுக்கும் இயந்திரத்தில் முந்தைய மாதிரியின் ஒரு சிர்க்கான் ஒட்டியிருந்தாலும் இல்லாத கண்டத்தைக் கடலுக்குள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முன் தாடைகளைத் துலக்கி, சுத்தக் குவார்ட்ஸை ஓட்டிக் கழுவுங்கள். நரம்பு காப்ரோவை வெட்டுகிறதா, அதோடு கலந்து மங்குகிறதா என்பதையும் களத்திலேயே படம் எடுங்கள். வெட்டும் நரம்பு தரை பிறந்த காலத்தைவிடப் பிந்தியதாக இருக்கலாம்.

லாவாமேல் உள்ள சிவப்புச் செர்ட்டில் ரேடியோலேரியா என்னும் நுண்ணுயிர்களின் சிலிக்கா ஓடுகள் இருக்கும். உடைத்த முகத்தை நனைத்து லென்ஸில் பார்த்தால் ஊசிமுனை அளவு புள்ளிகளாகத் தெரியும். தெரியாவிட்டால் அந்தத் துண்டைச் சுமக்க வேண்டாம். அமிலத்துளி பட்டு நுரைக்காவிட்டால் கால்சைட் இல்லை. பெரும்பாலும் சுண்ணாம்பு கரைந்துபோகும் ஆழத்துக்கும் கீழே படிந்தது. ஓடுகளைப் பிரிக்க, பிளாஸ்டிக் பாத்திரத்தில் சுமார் 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 24 மணி நேரம் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசுவார்கள். கண்ணாடியைக் கரைக்கும் அமிலம் இது. தோலில் பட்டால் முதலில் வலிகூடத் தெரியாமல் எலும்புவரை போகும். புகைபோக்கி அறையும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பும், பயிற்சி பெற்ற இன்னொருவரும் அருகில் இல்லாமல் யாரும் தொடக்கூடாது. வீட்டில் செய்யும் வேலையே கிடையாது.

கடலின் காலவரிசையைக் கோப்பது

இப்போது எல்லாவற்றையும் ஒரே தாளில் வையுங்கள். செமாயிலுக்கு அடியில் மடிந்து கிடக்கும் ஹவாசினா படிவுகளில் பெர்மியன் கால லாவாவும் ஆழ்கடல் படிவும் உள்ளன: சுமார் 27 கோடி ஆண்டு முன் கடல் திறந்திருந்தது. ஜெபல் கவ்ர், ஜெபல் மிஷ்ட் மலைகள் பெர்மியனுக்கு அடுத்த ட்ரயாசிக் காலக் கடலடி எரிமலைகள்மேல் வளர்ந்த சுண்ணாம்புத் திட்டுகள். 10.4 கோடியில் தரை அமிழ்கிறது. 9.6 கோடியை ஒட்டி, பத்து லட்சம் ஆண்டுக்குள், ஓபியோலைட் மேலோட்டின் பெரும்பகுதி பிறக்கிறது. 7.9 கோடியில் அரேபியாவின் கண்ட விளிம்பே இழுபட்டு, அஸ் சிஃபாவில் எக்லோகைட்டாக (பெரும் ஆழத்தின் அழுத்தத்தில் உருவாகும் பாறையாக) மாறுகிறது. சுமார் 7 கோடிக்குள் அரித்த ஓபியோலைட்மேல் ஆழமற்ற கடலின் படிவு மூடுகிறது. இருபது கோடி ஆண்டு நீளும் கதையில், மலையாக நிற்கும் பாறை சொல்வது பத்து லட்சம் ஆண்டை.

இந்தத் தாளில் இரண்டு விஷயங்களை எழுதக்கூடாது. ஒன்று, கடலின் அகலம். ஓபியோலைட் அதைத் தராது. இரு கரைக் கண்டங்களின் தொல்காந்த அட்சரேகைகளை ஒப்பிட்டால்தான் வரும், அதுவும் வடக்கு தெற்கு அளவு மட்டும். இன்னொன்று, ஓபியோலைட் ஏறிய காலத்தைக் கடல் முடிந்த காலமாக எழுதுவது. 1893இல் நிலவியலாளர் எடுவார்ட் சூஸ் டெத்திஸ் என்று பெயரிட்ட இதே கடலின் எச்சம் ஓமான் வளைகுடாவுக்கு அடியில் இன்றும் ஈரான், பாகிஸ்தானின் மக்ரான் கரையின்கீழ் அமிழ்ந்துகொண்டிருக்கிறது.

காவிரிக் கரையில் இதே முறை

தமிழ்நாட்டில் காவிரித் தையல் மண்டலத்தில் (பழைய நிலத்துண்டுகள் ஒட்டிய பட்டையில்) மணமேடு, தேவனூர் பாறைத்தொகுதிகளை ஓபியோலைட் என்று ஆய்வாளர்கள் விளக்கியிருக்கிறார்கள். மணமேட்டுப் பிளேஜியோகிரானைட் சிர்க்கான்கள் 74 முதல் 78 கோடி ஆண்டு வயதைத் தந்தன. பின்னாளில் மூடிய மொசாம்பிக் என்னும் பழங்கடலோடு அதைப் பொருத்துகிறார்கள். தேவனூர் அதைவிட மிகப் பழையது, சுமார் 250 கோடி. இந்த விளக்கத்தை ஏற்காதவர்களும் உண்டு. அடுக்குக் காப்ரோ கண்டத்துக்குள் ஊடுருவியும் உருவாகும் என்பது அவர்கள் வாதம்.

இங்கே ஓமான் முறையை அப்படியே போட முடியாது. சுமார் 55 கோடி ஆண்டு முன் இந்தப் பகுதி முழுவதும் கடும் வெப்பத்தில் மறுபடி வெந்தது. தலையணைகள் நசுங்கி வரிவரியான ஆம்பிபோலைட்டாகிவிட்டன. டைக் விளிம்புகள் மறுபடி மணியாக உறைந்துவிட்டன. பழைய காந்தம் அழிந்துவிட்டது. ஆகவே வடிவத்தைத் தேடாமல், நகராத தனிமங்களையும் சிர்க்கானையும் பிடித்துக்கொள்ளுங்கள். சிர்க்கானின் கேத்தோடு ஒளிர்வுப் படத்தில் (எலக்ட்ரான் கற்றை பட்டு மணி ஒளிர்வதை எடுக்கும் படம்) அலையலையாக வரியுள்ள கருவும், அதைச் சுற்றி வரியில்லாமல் வெளிறிய விளிம்பும் தெரியும். கரு மாக்மாவில் பிறந்தது. விளிம்பு 55 கோடி ஆண்டு முன் வெந்தபோது வளர்ந்தது. வயது அளக்கச் சுடும் லேசர் புள்ளி 30 மைக்ரான் அளவு. படத்தைப் பார்க்காமல் சுட்டால் புள்ளியின் பாதி கருவிலும் பாதி விளிம்பிலும் விழும். அப்போது வரும் 65 கோடி என்ற எண்ணில் எந்தக் கடலும் திறக்கவுமில்லை, மூடவுமில்லை.